கிராணி கொடுத்த அரிசி

1943 ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்து மழை. பின்கூரையில் மூன்று இடத்தில் ஒழுகல். சட்டிகளெல்லாம் ஒழுகலுக்குக் கீழே போய்விட்டதால் கஞ்சிக்குத் தாமதம். சமையல்காரி பாக்கியம் முணுமுணுப்பு: "வானத்துக்கும் சட்டி, வயித்துக்கும் சட்டின்னா நான் எங்க போறது?"

பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். போன நோட்டை எரித்தாயிற்று. அதில் வெள்ளைக்காரப் பெயர்கள் இருந்தன. வீடு வீடாகச் சோதனை என்று பேச்சு வந்தது. எனவே மறுபடி முதலிலிருந்து, சுருக்கமாக.

நான் எஸ்தர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் இல்லத்தில் டீச்சர். இப்போது எல்லாமும் நான்தான். இல்லத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவை ஜப்பான்காரர்கள் சிங்கப்பூர் முகாமுக்குக் கொண்டுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. லோரியில் ஏறுமுன் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். "எஸ்தர், கேள். கேட்டால் கொடுப்பார்கள்" என்றார். அவர் கேட்டது கடிதத்தில். கடலுக்கு அப்பால், முகம் தெரியாதவர்களிடம். நான் வாசலில் நின்று கேட்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

பிள்ளைகள் பதினொரு பேர். எல்லாரும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அம்மா இல்லை, அப்பா சயாமில். அல்லது இரண்டு பேருமே இல்லை.

மழை விட்டதும் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் கேட்கப் போனேன். கிடைத்தவை:
மரவள்ளிக்கிழங்கு, ஒரு கூடை
செம்பனை எண்ணெய், அரைப் போத்தல்
கிழிந்த வேட்டி, ஒன்று (டவுசர் தைக்கலாம்)
"நாளைக்கு வாங்க", நாலு வீட்டில்
தனலட்சுமியின் பிடி அரிசி

தனலட்சுமியின் புருஷன் முனியாண்டி ரயில்வேயில் எஞ்சின் துடைப்பவர். சபைக்காரர்கள் அல்ல, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியே வைத்து, எனக்குத் தருகிறாள். அவளுக்கே இரண்டு பிள்ளைகள். ஏன் தருகிறாய் என்று இன்று கேட்டே விட்டேன்.

"நீங்க தரையப் பாத்துக்கிட்டே கேக்கிறீங்க டீச்சர். பாக்கச் சகிக்கலே."

ஜூன் 9, புதன்

வெயில். துணி காய்ந்தது.

தாவீதுக்கு (ஆறு வயது) கால் வீக்கம் கூடுகிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்தார். மருந்து இல்லை, பச்சைப்பயறும் தவிடும் கொடு என்றார். எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

போதகரையும் பார்த்தேன். பிள்ளைகளைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாமே என்கிறார். செல்லத்தை எங்கே அனுப்ப? எட்டு வயது. அம்மா செத்துப்போனாள். அப்பாவை ஏப்ரலில் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் இப்போது வேறு ஆள்.

இந்த ஊரை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். பாஸ் கேட்கப் போனால் ஏன், எதற்கு, யார் அந்த வெள்ளைக்காரி என்று தொடங்குவார்கள். சொந்த ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்து ஒன்றரை வருஷம். சில நேரம் சாவிக்கொத்து இடுப்பில் உறுத்தும்போது, பூட்டப்பட்டிருப்பது வீடா நானா என்று தோன்றுகிறது.

ஜூன் 13, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் புது ஆள் ஒருவர் வந்து பேசினார். தேவசகாயம். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுபவராக, இருந்தவர். இப்போது "கம்பனி வேலை" என்றார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. இந்தக் காலத்தில் இஸ்திரி. (இனி தே. என்று எழுதுவேன்.)

"டீச்சர் வாசல் வாசலா ஏறி எறங்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம சபைக்கே வெக்கம். ஒரு மூட்டை அனுப்பி வைக்கிறேன்."

சொல்பவர்கள் நிறையப் பேர். நம்பவில்லை.

ஜூன் 14, திங்கள்

வந்துவிட்டது. ஒரு முழு மூட்டை அரிசி, சவுக்காரம், பச்சைப்பயறு ஒரு டின். பயறைப் பார்த்ததும் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் சோறு. கஞ்சி அல்ல, சோறு. சின்னவள் ஒருத்தி வேகமாகத் தின்று வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி தட்டை நீட்டினாள்.

சாயங்கால ஜெபத்தில் கொடுத்தவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பது மிஸ்ஸியம்மா காலத்து வழக்கம். இன்று தே. பெயரைச் சேர்த்தேன். பிள்ளைகள் கூடவே சொன்னார்கள்.

ஜூன் 19, சனி

தாவீதின் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நேற்று நின்றான்.

தே. பிள்ளைகளைப் பார்க்க வந்தார். எல்லாருக்கும் வெல்லக்கட்டி. பெயர் கேட்டார், தலையைத் தடவினார். பாடச் சொன்னார், பாடினார்கள். செல்லத்தை மட்டும் காணோம். அவர் போன பிறகு விறகுக் கொட்டகையில் கண்டுபிடித்தேன். கையில் வெல்லம் இல்லை.

"ஏன் வரலே?"

"இவருதான் டீச்சர் எங்கப்பா பேரை எழுதினாரு."

"என்ன பேரு? எங்க?"

"நோட்டுல. மேசை போட்டு ஒக்காந்து எழுதினாரு. அப்பா மாட்டேன்னு சொன்னாரு. இவரு சிரிச்சுக்கிட்டே எழுதினாரு."

பாக்கியத்திடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "கம்பனி வேலைன்னா சயாமுக்கு ஆள் சேக்கறதுதான், வேற என்னான்னு நெனச்சீங்க?"

நானும் நினைத்திருக்க வேண்டும். இஸ்திரிச் சட்டையைப் பார்த்தேன், மூட்டையைப் பார்த்தேன், அதற்கு மேல் நினைக்கவில்லை.

சாயங்காலம் ஜெபத்தில் செல்லம் கையைத் தூக்கினாள். "அவரு பேரையும் சொல்லணுமா டீச்சர்?"

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெயர்களையே விட்டுவிட்டு முடித்தேன்.

ஜூன் 20, ஞாயிறு

அரிசியைத் திருப்பி அனுப்பவில்லை. எனக்காக எழுதி வைக்கிறேன்: திருப்பி அனுப்பவில்லை. மூட்டையில் பாதிக்கு மேல் இருக்கிறது. அனுப்பினால் தாவீது மறுபடி படுப்பான். வைத்துக்கொண்டால் செல்லத்தின் தட்டில் நான் என்ன போடுகிறேன்?

அவள் சாப்பிட்டாள். பசி.

ஜூன் 24, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். தலையில் பேன், எல்லாருக்கும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, சீப்புதான்.

பத்து மணிக்கு லோரிச் சத்தம். மூன்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அண்ணன், தங்கை, இன்னொரு பெண். கையில் தே. எழுதிய சீட்டு: "இவர்களையும் சேர்த்துக்கொள்ளவும். அரிசி தொடர்ந்து வரும்."

மூத்தவனுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா எங்கே என்றேன்.

"சயாமுக்கு. மூணு மாசந்தான். அப்பா மொதல்ல காட்டுக்குள்ள ஓடிடறேன்னாரு. கிராணி வந்து சொன்னாரு, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு டீச்சர் இருக்காங்க, புள்ளைங்களுக்கு சோறு போட்டுப் படிக்க வைப்பாங்க, நீ கவலப்படாம போன்னு. அப்பா சரின்னுட்டாரு."

பாக்கியம் வந்து உலை கொதிக்கிறது, எத்தனை பேருக்குப் போட என்றாள்.

பதினாலு பேருக்கு.

ஜூன் 25, வெள்ளி

தே. ஆபீசுக்குப் போனேன். கடைவீதி மாடி. மேசை, நோட்டு, சுவரில் சூரியக்கொடி. எழுந்து நின்று வரவேற்றார்.

நேராகக் கேட்டேன். இல்லத்தைக் காட்டித்தான் ஆட்களைச் சேர்க்கிறீர்களா?

"பொய் சொல்லிச் சேக்கலியே டீச்சர். நீங்க பாத்துக்கிறீங்கதானே. நான் சொன்னது உண்மைதானே."

"அவங்க ஓடியிருப்பாங்க. என்னை நம்பி ஓடாம இருக்காங்க."

பேனாவை உருட்டினார். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்காங்க. இத்தனை தலைன்னு. கொறைஞ்சா என் மூத்தவன் போகணும். பத்தொம்பது வயசு. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

போக எழுந்தேன்.

திங்கட்கிழமை கிள்ளான் தோட்டத்தில் புதுசாகப் பேர் எழுதுகிறார்களாம். நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "டீச்சரை நேர்ல பாத்தா தைரியம் வரும். பாஸ் நான் வாங்கித் தரேன். லோரியிலேயே போயிட்டு வந்துரலாம்." கதவு வரை வந்து, இரண்டு மூட்டை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

வருகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? மூட்டைக்காகவா, பயத்திலா? இரண்டும்தான்.

ஜூன் 28, திங்கள்

கை வலிக்கிறது, ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

லோரியில் முன்சீட்டில் நான், தே., டிரைவர். வழியெல்லாம் அவர் மகனைப் பற்றியே பேசினார். நன்றாகப் பாடுவானாம்.

தோட்டத்தில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் ஆட்கள். ஐம்பது பேருக்கு மேல். பாதிப் பேர் கோணிச் சாக்கு உடுத்தியிருந்தார்கள். பெண்கள் பின்னால், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஜப்பான்காரன் ஒருவன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தமிழ் தெரியாது.

தே. என்னைக் காட்டி, "நான் சொன்ன டீச்சர் இவங்கதான். நீங்களே கேட்டுக்குங்க" என்றார்.

என்ன பேசப் போகிறேன் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது. முன்வரிசையில் ஓர் ஆள், மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். அவள் என்னைப் பார்க்க வேண்டும் என்று தூக்கியிருக்கிறான். யாரிடம் விடப்போகிறோம் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

"எங்கிட்ட எடமில்ல" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எங்கிட்ட எடமில்ல. அரிசி இல்ல. ஒரு புள்ளையக்கூட இனி எடுக்க மாட்டேன். யாரும் என்னை நம்பிப் பேர் கொடுக்காதீங்க. கொண்டாந்து எறக்கினாலும் கேட்டைத் தெறக்க மாட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பெண், "வேதக்காரங்க இப்படித்தான் பேசுவாங்களா?" என்றாள். இன்னொருத்தி காறித் துப்பினாள். அந்த ஆள் மகளை மெல்லக் கீழே இறக்கினான். அவன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். புரிந்திருக்க வேண்டும்.

ஜப்பான்காரன் தே.யிடம் ஏதோ கேட்டான். தே. சிரித்து, தலை குனிந்து, ஏதோ பதில் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் லோரி என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனது. பாஸ் அவர் பையில்.

கிள்ளான் டவுனுக்கு நடந்தேன். செருப்பு வார் அறுந்தது. பாசார்ச் சந்தைக்குப் பக்கத்தில் காதர் பாய் பலசரக்குக் கடை. யுத்தத்துக்கு முன் இல்லத்துக்குச் சாமான் வாங்கியது அங்கேதான். நாகப்பட்டினத்துப் பக்கத்து மனுஷர். கடையில் முக்கால்வாசி அலமாரி காலி.

"உக்காருங்கம்மா" என்று முக்காலியைத் தள்ளினார். அவித்த கிழங்கும் தேங்காய்ப்பூவும் வந்தன. நடந்ததை ஏன் அவரிடம் சொன்னேனோ, முழுவதையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்து, தரையைப் பார்த்து, கேட்கத் தொடங்கினேன்.

"கேக்க வேணாம்மா" என்றார். உள்ளே போய் ஒரு பொட்டலம் பச்சைப்பயறும் கருவாடும் கட்டிக்கொண்டு வந்தார். "கோடவுனை ஜப்பான்காரன் பூட்டி முத்திரை வச்சிட்டான். இதான் இருக்கு. யாரு குடுத்தான்னு புள்ளைங்ககிட்டச் சொல்ல வேணாம்."

"ஏன் பாய்? ஜெபத்துல பேர் சொல்லுவோம்."

"அல்லாவுக்கு என் பேரு தெரியும்மா. வேற யாருக்கும் தெரியாம இருக்கிறது நல்லது, இப்ப."

கோலாலம்பூருக்குக் காய்கறி ஏற்றும் லோரியில் ஏற்றிவிட்டார். கீரைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். தடுப்பில் நிறுத்தினார்கள், குனிந்து வணங்கினேன், பாஸ் கேட்காமல் விட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் செல்லம் நின்றிருந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 2, வெள்ளி

அந்த இரண்டு மூட்டை வரவில்லை. வராது. பழைய மூட்டையில் இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கும்.

கீரைலோரி டிரைவர் வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனான். தோட்டத்தில் ஆள் ஏற்றுகிற நாளன்று லோரி பாதிக் காலியாம். பேர் கொடுத்தவர்களில் நிறையப் பேர் முந்தின நாளே பெண்டாட்டி பிள்ளையோடு ஆற்றைத் தாண்டி மலாய்க்காரர் கம்பத்துப் பக்கம் போய்விட்டார்களாம்.

பாக்கியத்திடம் சொல்லிச் சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு. மத்தியானம் கிழங்கு கொஞ்சம் கூடவே போட்டாள்.

ஜூலை 4, ஞாயிறு

ஆராதனையில் தே. பின் பெஞ்சில். தனியாக. முடிந்ததும் வாசலில் காத்திருந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை.

"நீங்க நல்லது செஞ்சிட்டதா நெனைக்கிறீங்க."

படியில் இறங்கினேன், கூடவே வந்தார்.

"கொறைஞ்ச தலையை ஜப்பான்காரன் விட்டுருவான்னு நெனைச்சீங்களா? தோட்டத்துல இல்லேன்னா டவுன்ல எடுப்பான். எனக்கு நோட்டு வேணும், பேர் வேணும். அவனுக்கு அதுவும் வேண்டாம் டீச்சர்."

மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 9, வெள்ளி

மதியம் எங்கள் பக்கத்துப் பாசாரில் ஆட்களைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் லோரியை நிறுத்தி அடைத்துவிட்டு, ஆம்பிளையாகப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். மீன்காரர், முடி வெட்டிக்கொண்டிருந்தவர், பாதி முடியோடு. பாக்கியம் கீரைக்கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கவே பத்து நிமிஷம்.

பிறகு சொன்னாள். "முனியாண்டியையும் ஏத்திட்டாங்க. தனலட்சுமி புருஷன். ரயில்வே பேட்ஜு காக்கிச் சட்டையில இருந்திருக்கு. சட்டையத் தொவச்சுக் காயப் போட்டுட்டு வந்திருக்காரு. பேட்ஜு இருக்கு, வீட்ல இருக்குன்னு கத்திக்கிட்டே போனாரு."

குவார்ட்டர்ஸுக்குப் போக எழுந்தேன். கேட் வரை போனேன். திறக்கவில்லை. போய் அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்ல?

திரும்பி வந்துவிட்டேன். கோழை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 10, சனி

வெயில். பின்கூரைக்கு ஓலை வைக்க ஆள் வருவதாக இருந்தது. வரவில்லை. அவரையும் பிடித்திருப்பார்களோ தெரியாது.

ஒன்பது மணிக்குக் கேட்டில் தனலட்சுமி. இடுப்பில் சின்னவன், கையில் மூத்தவள், தலையில் துணி மூட்டை. ராத்திரியெல்லாம் ஸ்டேஷனில் நின்றிருக்கிறாள். வண்டி விடியுமுன்னே வடக்கே போய்விட்டதாம். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் காலையிலேயே ஆள் வந்துவிட்டானாம். ரயில்வேயில் வேலை செய்கிற ஆள் இல்லாதவளுக்கு வீடு இல்லையாம்.

"கிள்ளான் தோட்டத்துல எடமில்லேன்னு சொன்னீங்களாம். ஊரெல்லாம் பேசுறாங்க. எனக்கும் அதானா டீச்சர்?"

திறந்தேன். உள்ளே கூப்பிட்டேன். அவள் மூட்டையை இறக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சாப்பிட்ட பிறகு என்றால் சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலேயே சொன்னேன். ஏன் அப்படிப் பேசினேன், அங்கே லோரி பாதிக் காலியாகப் போனது, தே. சர்ச் வாசலில் சொன்னது, எல்லாம். நான் பேசாமல் இருந்திருந்தால் நேற்றுப் பாசாரில் பிடித்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

அவள் சின்னவனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தத் தோட்டத்துல யாரு வீட்லயோ ஒருத்தன் போகாம இருக்கான்" என்றாள்.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சின்னவனைச் செல்லத்திடம் கொடுத்துவிட்டு, பாக்கியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரிக்கத் தொடங்கினாள். கத்தி இரண்டு முறை கையை வெட்டியது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

பதினாறு பிள்ளைகள். அரிசி இல்லை. நாளை ஆராதனை முடிந்ததும் பங்சார் தோட்டத்துப் பக்கம் போய்க் கேட்க வேண்டும், அங்கே இதுவரை போனதில்லை. தனலட்சுமி தானும் வருகிறேன் என்கிறாள். நான் நன்றாகக் கேட்பதில்லையாம்.